பாப்பா, அது அல்லி இல்ல, அரளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நல்லா இருக்கியா, நேரத்துக்கு சாப்புடுறியா? இங்க ரங்கூன்ல ரெண்டு நாளா மழை, கரண்டும் போயிப் போயி வருது, அதான் நம்ம தாலாட்டுக்கு நீ வரைஞ்சு அனுப்புன படத்தை நேத்து ராத்திரிதான் போன்ல பெருசாக்கிப் பாத்தேன்.

தூளியில அந்த ஜப்பான் கார்ட்டூன் ரோபோ பூனை டோரேமான படுக்க வச்சிருக்க, அதுவும் என் பழைய பச்சைச் சேலைத் தூளி! தம்பி சொல்றான், அந்தப் பூனை 129.3 கிலோவாம், உயரமும் 129.3 சென்டிமீட்டராம், என் சேலை தாங்குமாடி? அதோட அது பொறக்கப்போறதே 2112 செப்டம்பர் 3-ந்தேதியாம், இன்னும் பொறக்காத புள்ளைக்கு இப்பவே தாலாட்டு.

ஆனா யாரடிச்சு அழுறேன்னு கேக்குற வரிக்கு நீ போட்டது எனக்கு ரொம்பப் புடிச்சிது. மாமன் இடத்துல அதே கார்ட்டூன்ல வர்ற முரட்டுப் பய ஜியான நிக்க வச்சு கையில மல்லிப்பூ செண்டு, அவன் அடிக்கிறவன்தானே, சரியாத்தான் வரும். தூளிக்கு அடியில எலி ஒண்ணு ஒளிஞ்சிருக்கே, அதைப் பாத்துட்டு நானும் தம்பியும் சிரிச்சிட்டோம், எலிதான டோரேமானோட காதைக் கடிச்சிது. காதில்லாம எப்படி தாலாட்டு கேக்கும்னு கேட்டேன், அதெல்லாம் கேக்கும்மாங்குறான். அழுது அழுது மஞ்ச நிறம் போயித்தான் நீலமாச்சாம், அதுக்குத்தான் கன்னத்துல தனக்கா, நம்ம பர்மா மரப்பட்டை சாந்து, பூசி விட்டியா? நான் உனக்குக் கல்லுல அரைச்சுப் பூசுற மாதிரியே வட்டமா இருக்கு.

ஒரே ஒரு தப்பு. அத்தை கையில அல்லிப்பூ குடுத்திருக்க, அடியில பர்மா எழுத்துலயும் அல்லின்னே எழுதியிருக்க. அப்படிப் பாடுறவங்களும் இருக்காங்க, ஆனா நான் உனக்குப் பாடுனது அரளி. அரளி விஷம்டி. தாலாட்டு பாடுறவ அம்மா, மாமன் அவ கூடப்பொறந்தவன், அதனால அவனுக்கு மல்லி, அத்தை புருசன் வீட்டு ஆளு, அதனால அரளி, வேறென்ன. பெகு ஊர்ல இருக்குற உங்க அத்தை வந்து தங்குற நாள்ல மட்டும் நான் அல்லின்னு மாத்திப் பாடுவேன், அதுதான் உன் காதுல நின்னுபோச்சு போல.

அத்தைக்கு இந்தப் படத்தையே அனுப்பு, சந்தோசப்படுவாங்க. எனக்கு மட்டும் செவப்பு அரளி வரைஞ்சு வேற ஒண்ணு அனுப்பு, பிரிண்ட் போட்டு மாட்டணும், அவங்க வந்தா கழட்டி வச்சுக்குறேன்.

இப்படிக்கு,
அம்மா