ஆள் மாறும்போது இஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள், ஐயா

எங்கள் கழிமுகப் படகுத்துறைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். படகைத் தண்ணீரில் இறக்குகிற துறையின் சரிவுத்தளம் உடைந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும். மனுக்கள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. கயாக்கில், அதாவது துடுப்புப் போடும் சின்னப் படகில், தூண்டில் போடப் போகிறவர்கள் கரையிலிருந்து தண்ணீரில் இறங்க வழியில்லாமல், ஃபைபர் படகின் பின்னால் கயாக்கைக் கட்டி இழுத்துப் போய் நடு ஆற்றில் மாறி ஏறுவதும் தெரியும். நான் எழுத வந்தது போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி.

என் மச்சான் கொடுவா மீன் பிடிக்கப் போனார். வற்றம், தண்ணீர் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்த நேரம். படகுக்காரர் இஞ்சினை அணைக்கவில்லை. கயாக்கின் முன்கயிறு மட்டும் படகோடு கட்டியிருந்தது, பின்பக்கம் சும்மா ஆடியது. மச்சான் ஒரு காலைக் கயாக்கில் வைத்து, மறுகாலைப் படகிலிருந்து எடுப்பதற்குள் படகு ஒரு முழம் முன்னே போய்விட்டது. நடுவில் விழுந்தார்.

நெஞ்சளவுத் தண்ணீர்தான். ஆனால் அலையாத்திக் காட்டுச் சேறு எப்படிப்பட்டது என்று சொல்லவா வேண்டும்? முழங்கால் வரை புதைந்த கால் வெளியே வரவில்லை. லைஃப் ஜாக்கெட்டுக்குக் கொக்கி இல்லை, முடிச்சுதான். அது மேலேறி வாயை மூடிக்கொண்டது. கைக்கெட்டும் தூரத்தில் புரொப்பல்லர் சுற்றிக்கொண்டிருந்தது. படகில் இருந்த பையன் பாய்ந்து இஞ்சினை அணைத்தான். காலைச் சிப்பி கிழித்ததில் 7 தையல். "அதோட போச்சே" என்று ஊரே ஆறுதல் சொல்கிறது.

படகுக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அணைத்தால் மறுபடி கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டும், அதற்குள் நீரோட்டம் படகைச் சேற்றில் கொண்டுபோய்ச் செருகிவிடும் என்பது அவர் பயம். நங்கூரம் போட்டால் அந்தப் பயமும் இல்லை. அப்புறம் காற்று படாத பக்கமாகக் கயாக்கைப் படகோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு முனையிலும் கட்டி, படகின் நடுவில் வைத்து ஆளை இறக்க வேண்டும். இஞ்சின் இருக்கிற பின்பக்கம் கூடவே கூடாது. ஆள் நிற்கக் கூடாது. படகின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் கயாக்கின் நடுவில் வைத்து, கையால் விளிம்பைப் பிடித்தபடி மெல்ல இருக்கைக்கு இறங்க வேண்டும். தூண்டிலும் பெட்டியும் அப்புறம் வரலாம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யச் சொல்லி ஒரு தாள் போதும்: ஆள் மாறும்போது இஞ்சின் நிற்க வேண்டும்.

ஆனால் நமக்குத் தாள் வர ஒரு சாவு வேண்டும். கேரளத்தில் படகு கவிழ்ந்து தேக்கடியில் 2009-இல் 45 பேர், தானூரில் 2023-இல் 22 பேர் செத்தார்கள். ஒவ்வொரு தடவையும் மறுநாள் எல்லாத் துறையிலும் ஜாக்கெட் எண்ணுவார்கள், போட்டோ எடுப்பார்கள், போவார்கள். கடைமடைக்காரனுக்கு இது பழகிய கதைதான். ஜூன் 12-இல் மேட்டூரில் பூப்போட்டுத் திறக்கிற தண்ணீரே எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வருமென்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். விதிமுறை மட்டும் விரைந்து வந்துவிடுமா? துறை வாசலில் "உங்கள் பாதுகாப்பே எங்கள் நோக்கம்" என்று ஒரு பலகை மட்டும் வருடா வருடம் புதுப் பெயின்ட்டில் மின்னுகிறது. மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது.

சரிவுத்தளத்துக்கு நிதி வரும்போது வரட்டும், அதற்கு அவசரப்படுத்தவில்லை. அதுவரை, ஆள் மாறும்போது இஞ்சினை நிறுத்த வேண்டும், நங்கூரம் போட வேண்டும் என்று படகுக்காரர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். கொக்கி உள்ள ஜாக்கெட் கொடுங்கள். தயவுசெய்து.

தையல் பிரித்ததும் மச்சான் மறுபடி போவார். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அதற்கு முன்னால் அந்தத் தாளைத் துறையில் ஒட்டிவிட்டால் நல்லது, ஐயா.

இப்படிக்கு,
துறைக்குப் பக்கத்துத் தெருக்காரன்