கொள்ளிடம் புதிய பாலத்தின் தூண்களை வெள்ளம் வடிவதற்குள் அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், நம்பர் 1 டோல்கேட் பகுதிப் பொதுமக்கள்
(கையொப்பப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பொருள்: கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம் இடிந்தது – அருகிலுள்ள புதிய பாலத்தின் அடித்தளத்தை உடனே அளத்தல், இடிந்த பகுதிகளை ஆற்றிலிருந்து அகற்றுதல், மணல் எடுப்பதைத் தடுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1928-இல் கட்டப்பட்ட கொள்ளிடம் இரும்புப் பாலம் இம்மாதம் 18-ஆம் தேதி இரவு இடிந்தது. மேட்டூர் அணை நிரம்பி, விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் கொள்ளிடத்தில் ஓடிய நாட்களில் 18, 19-ஆவது தூண்கள் சரிந்து, மேலிருந்த இரும்புக் கட்டமைப்பும் ஆற்றில் விழுந்தது. 2016-இல் புதிய பாலம் திறந்த பிறகு பழைய பாலத்தில் வண்டிகள் ஓடவில்லை, நடைப்பயிற்சிக்குத்தான் பயன்பட்டது. அதனால் "பழைய பாலம்தானே, போகட்டும்" என்ற பேச்சு ஊரில் பரவலாக இருக்கிறது. அந்தப் பேச்சோடு இது முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மனு.

பழைய பாலத்தின் மேல் சுமையே இல்லை. இரும்பு துருப்பிடித்ததால் அது விழவுமில்லை. தூணின் காலடியில் மண் போனதால் விழுந்தது. ஓடும் நீர் தூணின் முனையில் மோதும்போது ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்ந்து, தூணைச் சுற்றிச் சுழன்று, மணலைத் தோண்டி எடுத்துப் போகிறது. ஆற்றின் சராசரி அரிப்பு எவ்வளவு ஆழமோ, தூணின் காலடியில் அதைப் போல இரண்டு மடங்கு ஆழம் வரை அரிக்கும் என்று வைத்துத்தான் பாலப் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். இந்த ஆழத்தை உச்ச வெள்ள மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளக்கிறார்கள். தூணுக்குப் பிடிமானம் தருவதோ படுகை மணல். மணல் அள்ளி அள்ளிப் படுகை ஒரு மீட்டர் தாழ்ந்தால், தூணுக்கு ஒரு மீட்டர் பிடிமானம் போகிறது. வெளியே தெரியும் தூணின் உயரமும் அதே ஒரு மீட்டர் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து தூணைச் சாய்க்கின்றன. புதிய பாலத்தின் தூண்கள் நிற்பதும் இதே ஆற்றில், இதே மணலில்.

ஐயா, எங்கள் கோரிக்கைகளில் அவசரமானது ஒன்றுதான். வெள்ளம் வடிய வடிய, வேகம் குறைந்த தண்ணீர் தான் கொண்டுவரும் மணலை அந்தக் குழிகளிலேயே போட்டு மூடிவிடும். தண்ணீர் வற்றிய பிறகு ஆய்வுக்கு வருபவர் கண்ணுக்குப் படுகை சமமாக, குறையில்லாததாகத்தான் தெரியும். ஆனால் அது இறுகாத மணல். அடுத்த வெள்ளத்தில் முதல் சில மணி நேரத்திலேயே கரைந்து போகும். குழி எவ்வளவு ஆழம் என்பதை இப்போது, தண்ணீர் ஓடும்போதே அளந்தால்தான் உண்மை தெரியும்.

அளப்பதற்குப் பெரிய செலவில்லை. ஒலி அனுப்பி, அது திரும்பும் நேரத்தால் ஆழத்தைக் காட்டும் எதிரொலி ஆழமானி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பாலத்தின் மேலிருந்தே 10 முதல் 15 கிலோ ஈயக் குண்டு கட்டிய, மீட்டர் குறியிட்ட கயிற்றை இறக்கலாம். நீரோட்டம் கயிற்றை இழுத்துச் சாய்க்கும் என்பதால் சாய்வுக் கோணத்தையும் குறித்துக்கொண்டு ஆழத்தைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு தூணுக்கும் நீர் மோதும் முனை, இரு பக்கங்கள், பின்முனை என நான்கு இடங்களில் அளவு வேண்டும். ஒரே இடத்தில் அளந்தால் ஏமாந்து போவோம், ஏனென்றால் ஆழமான குழி பெரும்பாலும் முன்முனையில்தான் இருக்கும். கிடைத்த அளவைக் கட்டுமான வரைபடத்தில் உள்ள அடித்தள மட்டத்தோடு ஒப்பிட்டு, எந்தத் தூணில் எத்தனை மீட்டர் பிடிமானம் மிச்சம் என்று எழுதிப் பாலத்தின் இரு முனைகளிலும் ஒட்ட வேண்டும். தண்ணீர் வற்றிய பின் 20 மி.மீ. இரும்புக் கம்பியைத் தூணோரம் குத்திப் பார்த்து இந்த அளவைச் சரிபார்க்கலாம். புதிதாக நிரம்பிய மணலில் கம்பி கையழுத்தத்திலேயே இறங்கும், பழைய இறுகிய படுகையில் நின்றுவிடும்.

பாலத்தின் மேலேயும் பார்க்க வேண்டியது உண்டு. பாலத் தளத்தின் துண்டுகளுக்கு நடுவே விடப்பட்டிருக்கும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் இடைவெளியை இரு ஓரங்களிலும் அளவுகோல் வைத்து வாரம் ஒருமுறை குறிக்க வேண்டும். ஒரு ஓரம் அகன்று மறு ஓரம் சுருங்கினால் தூண் திரும்புகிறது என்று பொருள். கைப்பிடிச் சுவரின் நேர்க்கோடு எங்காவது தொய்ந்தால் அதுவும் அறிகுறி.

அடுத்து, ஆற்றில் கிடக்கும் இரும்பும் தூண் துண்டுகளும். இவை நீர்வழியை அடைத்து, ஓட்டத்தை மற்ற கண்களுக்கு (தூண்களுக்கு இடைப்பட்ட வழிகளுக்கு) திருப்பி அங்கே அரிப்பைக் கூட்டும். மிச்சமிருக்கும் பகுதியைப் பிரிக்கும்போது முதலில் மேல்தளத்தின் எடையை இறக்கி, கட்டமைப்பைக் கிரேனில் தாங்கிப் பிடித்த பிறகே வெட்ட வேண்டும். தாங்கலில்லாமல் ஓர் இரும்பை வெட்டினால் அதன் பாரம் பக்கத்து இரும்புக்குப் பாய்ந்து முழுவதும் சரியும். தூண்களை நீர்மட்டத்தோடு வெட்டிவிட்டுப் போகக் கூடாது. படுகைக்குக் கீழே குறைந்தது ஒரு மீட்டர் ஆழம் வரை எடுக்க வேண்டும். 90 ஆண்டுகள் இரு கரைகளையும் இணைத்த பாலம் என்பதால், கரையோரக் கண் ஒன்றையாவது நினைவாக நிறுத்த வேண்டும் என்று எங்களில் பலர் விரும்புகிறார்கள். ஆற்றோட்டத்துக்குத் தடையில்லாத இடமாக இருந்தால் மட்டும் அதைப் பரிசீலிக்கலாம்.

அளவில் பிடிமானம் குறைந்திருப்பது தெரிந்தால், லாரியில் கருங்கல்லைக் கொண்டுவந்து தூணடியில் கொட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது. அடியில் மணலை வெளியேற விடாமல் நீரை மட்டும் விடும் வடிகட்டி அடுக்கு இல்லாமல் கொட்டிய கல் மணலுக்குள் புதைந்துவிடும். குவியலாக நின்றால் நீர்வழியை அடைக்கும். ஒவ்வொன்றும் 40 கிலோவுக்குக் குறையாத கற்களை வடிகட்டி அடுக்கின் மேல் பரப்ப வேண்டும். நிரந்தரத் தீர்வாகப் பாலத்தைத் தாண்டி நீர் ஓடிப் போகும் பக்கத்தில் படுகை மட்டத்தைக் காக்கும் தடுப்புச் சுவர் தேவைப்படும்.

பாலங்களிலிருந்து 500 மீட்டருக்குள் ஆற்றில் மணல் எடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு சிறு கனிம சலுகை விதிகள் சொல்கின்றன. அந்த எல்லையை இரு கரையிலும் கல் நட்டுக் காட்டி, மாட்டு வண்டி உட்பட எதையும் உள்ளே விடாமல் இருக்க உத்தரவிட வேண்டுகிறோம்.

இம்மாதம் 22-ஆம் தேதி, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்துவிட்டன. கொள்ளிடத்துக்குள் வரும் நீரைக் கட்டுப்படுத்தும் வசதி இப்போது குறைந்துள்ளது. வடகிழக்குப் பருவமழையும் வரவிருக்கிறது. இடிந்த பாலத்தைப் பார்க்கப் புதிய பாலத்தில் வண்டிகளை நிறுத்திக் கூட்டம் கூடுவதும், விடியற்காலை இருட்டில் நடைப்பயிற்சியாளர்கள் அங்கே நடப்பதும் விபத்தில் முடியும். காவலரும் விளக்குகளும் உடனடியாகத் தேவை.

தூண்களின் அளவை ஏழு நாட்களுக்குள் எடுத்து வெளியிட ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், நம்பர் 1 டோல்கேட் பகுதிப் பொதுமக்கள்

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 27.08.2018, மக்கள் குறைதீர்க்கும் நாள்

நகல்: நெடுஞ்சாலைத் துறை, பொதுப்பணித் துறை நீர்வள ஆதார அமைப்பு