எஞ்சினை விற்கவில்லை

கல்லடி,
2025 செப்டம்பர் 14

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூட, பயப்பட ஒன்றுமில்லை. சித்திரை வருசப்பிறப்பன்று பேசும்போது, "அந்த ஜெனரேற்றரை வித்துப் போடுங்க அப்பா, சும்மாதானே கிடக்கு, காசைக் கையில வச்சிருங்க" என்று சொன்னாய். நான் விற்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அது சும்மா கிடக்கவில்லை மகன். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம், நீ இரவு வேலையும் செய்து அனுப்பின காசில் வாங்கினது. கானில் பெற்றோல் தர மாட்டோம் என்று பெற்றோல் செட்டில் நின்ற காலம். மோட்டார் சைக்கிள் டாங்கிக்குள் ரியூப் விட்டு எடுத்து ஊற்றித்தான் அம்மாவின் இன்சுலினைக் குளிராக வைத்திருந்தேன். இந்தப் பெப்ரவரியில் பாணந்துறைக் கரண்ட் உபநிலையத்துக்குள் குரங்கு ஒன்று பாய்ந்து நாடே இருண்டதே, அன்றைக்கு இரண்டாவது இழுவையில் பிடித்தது. பக்கத்து வளவுக்காரர் போன் சார்ஜ் போட வந்தார்கள். "மகன் வாங்கித் தந்தது" என்றேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

மாரி தொடங்க முதல் நேற்று அதைக் கிணற்றடிக்கு இழுத்து வந்து சேர்விஸ் செய்தேன். மாசியில் மழை விட்டதும் டாங்கியை வடித்து, மிச்சம் எரிந்து தானாக நிற்கும் வரை ஓடவிட்டுத்தான் வைத்தேன். அப்படியும் காபரேற்றருக்குக் கீழே உள்ள கோப்பையில் கொஞ்சம் நின்றுவிடும். 10ஆம் நம்பர் சாவியால் கோப்பையின் அடி போல்ட்டைக் கழற்றிப் பால்பேணியில் பிடிக்க வேண்டும். மூன்று மாதம் நின்ற பெற்றோல் பெற்றோல் இல்லை. மஞ்சளாகி, பழைய பெயின்ற் மாதிரி மணக்கும், பிறகு பிசின்போல ஜெற்றின் சின்னத் துவாரத்தை அடைத்துவிடும். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுப் பூட்டி, கயிற்றை மெதுவாக இழுத்து, இறுகும் இடத்தில் விட்டிருந்தேன். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். நம்முடைய கடற்கரை உவர்க்காற்று உள்ளே போகாது. பொலித்தீனால் சுற்றினால் வேர்த்துத் துருப்பிடிக்கும், ஒரு பழைய சீலைதான் போர்த்தினேன். எலி வயரைத் தின்னவில்லை. ஒயில் கறுத்திருந்தது, மாற்றினேன். பில்டர் பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஒயில் தொட்டுப் பிழிந்து போட்டேன். இனி மாரி முடியும் வரை மாதம் ஒரு தரம் 20 நிமிடம் ஓடவிடுவேன். வெறுமனே ஓடவிட்டுப் பிரயோசனமில்லை, பேனும் இரண்டு பல்பும் கொழுவ வேண்டும். ஓடாமல் கிடக்கிற சாமான்தான் கெடும்.

மச்சாள் சொன்னாள், நீ இப்போது ஒரு வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் இருக்கிறாயாம். ஏன் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கேள். உங்கள் கனடாவில் பனி கொட்டிக் கரண்ட் போனால் மேல்வீட்டுக்காரர் ஜெனரேற்றரைக் கராஜுக்குள் வைத்து ஓட்டுவார்கள், குளிருக்கு யார் வெளியே வைப்பார்கள்? கதவைத் திறந்து வைத்தாலும் அது பிழை. அதில் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடிக்கும், சத்தி வருவது மாதிரி இருக்கும், தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்தால் எழும்ப மாட்டாய். எஞ்சின் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பாராமல் இருக்க வேண்டும். நீ படுக்கிற அறைக்குப் பக்கத்தில் அதற்கென்று உள்ள அலாரம் இருக்கிறதா? பற்றரி இருக்கிறதா? பட்டனை அமத்திப் பார். தனியே படுக்கிற ஆளை எழுப்ப வேறு யார் இருக்கிறார்கள்?

மருமகளையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லு. சொல்ல முடிந்தால்.

நீ கெட்டிக்காரன், எனக்குத் தெரியும். பதினைந்து வயதில் சத்தத்தைக் கேட்டே சோக் எவ்வளவு தள்ளுவது என்று சொல்லுவாய். ஆனால் ஐந்து மாதமாக ஒரு போன் இல்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் போனைச் சார்ஜில் போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அலாரத்தை மறக்காதே.

நேற்று அந்தக் கோப்பையைக் கழற்றும்போது கை நின்றுவிட்டது. நீ ஓ.எல். சோதனை எழுதின வருசம், கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு, மூன்றாம் இரவு. கண்ணகி வழக்குரைப் பாட்டுப் படிக்கத் தொடங்கின நேரம் நம்முடைய பழைய எஞ்சின் நின்றது. மைக் இல்லை, வெளிச்சம் இல்லை, சனம் முழுக்க என்னைப் பார்க்குது. நான் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்து, "பிளக்கைத் துடைச்சியா" என்று கேட்டு, நீ "ஓம்" என்றதும் கன்னத்தில் அறைந்தேன். உன் கூட்டாளிகளுக்கு முன்னால். நீ அழவில்லை, பெற்றோமாக்ஸைத் தேடிப் போனாய்.

விடிய நான் தனியே கழற்றிப் பார்த்தேன். கோப்பைக்குள் பிசின். முந்தின வருசச் சடங்கு முடிந்து நான்தான் வடிக்காமல் வைத்தேன். உனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிளக் கண்ணாடி மாதிரி இருந்தது, நீ துடைத்துத்தான் இருந்தாய். நான் அதைக் கழுவிப் பூட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தேன். அம்மாவுக்கு இப்பவும் தெரியாது. அதற்குப் பிறகு எது உடைந்தாலும், எது பழுதானாலும், நீ என்னிடம் வந்து சொன்னதில்லை. சைக்கிள் போர்க் உடைந்ததைக்கூட மாமாதான் சொன்னார். அப்போது அதை உன் ரோசம் என்று நினைத்தேன்.

சரி. ஜெனரேற்றரை விற்றுக் காசு அனுப்ப வேண்டிய நிலை என்றால் நேராகவே சொல்லு, நாளைக்கே கொடுப்பேன். காத்தான்குடியில் கேட்ட ஆள் இருக்கிறார். அம்மாவுக்கு ஒரு குளிர்ப்பெட்டியும் ஐஸும் போதும். ஏன் என்று கேட்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியாமல் தங்கச்சியின் மகளைக் கொண்டு படம் எடுத்து அனுப்புகிறேன். வாசிக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், வாசிப்பாள். புது விலாசத்தை எழுதி அனுப்பு. அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறாள், கனடாவுக்குப் போகிற ஆள் அடுத்த கிழமை வெளிக்கிடுகிறார்.

அப்பா