சேகருக்கு: டிவியா, மானிட்டரா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலைக்குப் போய்விட்டாள், அவள் அறை இனி உன் அலுவலகமும் விளையாட்டு அறையும் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். எனக்கு வெள்ளெழுத்து கூடிப்போய் இப்போது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகவே உதவும் ப்ரோக்ரஸிவ் கண்ணாடி போட்டிருக்கிறேன். நீயும் அதுதான் போடுகிறாய் என்பதால், உன் கேள்விக்கு யோசித்தபோது முதலில் ஞாபகம் வந்தது இந்தக் கண்ணாடிதான்.

55 இன்ச் டிவி ஒன்றை மேஜை மேல் வைப்பதா, 27 இன்ச் மானிட்டர் இரண்டு வாங்குவதா என்று கேட்டிருக்கிறாய். பகல் முழுக்க அதே மேஜையில் எக்செலும் கணக்கும், ராத்திரியில் கேம். அப்படியென்றால் மானிட்டர் வாங்கு. டிவி நல்ல பொருள்தான், ஆனால் நீ உட்காரப்போகும் தூரம் அதற்குப் பத்தாது.

55 இன்ச் திரை சுமார் 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். மேஜையில் உட்கார்ந்தால் உன் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 60, 70 செ.மீ.தான் இருக்கும். கேமில் வரைபடம் ஒரு மூலையில், மிச்சமிருக்கும் குண்டுகளின் எண்ணிக்கை எதிர் மூலையில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கண்ணை ஓட்டினால் போதாது, கழுத்தே திரும்ப வேண்டும். நம் கண்ணாடியில் கிட்டத்தில் படிக்கும் பகுதி கீழ்ப்பக்கம் இருக்கிறது. திரையின் மேல்வரி தலைக்கு மேலே போய்விட்டால், அதைப் படிக்க முகவாயைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே கழுத்து வலி என்கிறாய். இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

அடுத்தது எழுத்து. 4கே என்றால் 27 இன்ச்சிலும் 55 இன்ச்சிலும் அதே 83 லட்சம் புள்ளிகள்தான். பெரிய திரையில் அவை பரந்து விரிந்து, அங்குலத்துக்கு 80 என்ற அளவுக்கு வந்துவிடும். 27 இன்ச் 1440பி (மேலிருந்து கீழாக 1440 புள்ளி வரிசை) மானிட்டரில் அது 109, அதே அளவு 4கே மானிட்டரில் 163. தூரத்திலிருந்து சினிமா பார்க்கும்போது இது தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து எண் பார்க்கும்போது தெரியும். இன்னொன்றும் உண்டு: பல டிவிகள் கம்ப்யூட்டரிலிருந்து வரும் படத்தில் நிறத் தகவலைச் சுருக்கித்தான் காட்டும். நீலப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்தைப் போட்டுப் பார், ஓரங்கள் கலங்கிப்போய் ஈரத்தாளில் எழுதிய மை மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை டிவி மெனுவில் ‘பிசி’ என்று மாற்றினால் பல மாடல்களில் சரியாகிவிடும். எல்லாவற்றிலும் ஆகாது.

தாமதம் பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். அது முன்பு மாதிரி இல்லை. படத்தை மெருகேற்றும் வேலைகளை எல்லாம் டிவி செய்துகொண்டிருந்தால் மவுஸை அசைத்த பிறகு திரையில் தெரிய 50 மில்லிவினாடிக்கு மேலேகூட ஆகும். அந்த வேலைகளைக் குறைக்கும் கேம் மோட் போட்டால் இப்போதைய நல்ல டிவிகளில் 10 மில்லிவினாடி அளவுக்கு இறங்கிவிடும். 60 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 60 முறை படம் மாறும்போது, ஒரு ஃப்ரேமே (ஒரு படமே) 16.7 மில்லிவினாடி என்பதோடு ஒப்பிட்டால் அது ரொம்பக் குறைவு. அதனால் அதை வைத்து டிவியை ஒதுக்காதே.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஹெர்ட்ஸ் விஷயத்தில். பெட்டி மேல் 120 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அது ‘மோஷன்’ என்ற பெயரில் வரும் கணக்காக இருக்கலாம், உள்ளே பேனல் 60 ஹெர்ட்ஸ்தான். பேனலின் நிஜ ரெஃப்ரெஷ் ரேட், அதாவது நிஜ ஹெர்ட்ஸ், என்ன என்று கேள். 4கே படம் 120 ஹெர்ட்ஸில் முழு நிறத்தோடு வர எச்டிஎம்ஐயின் 2.1 பதிப்பு வேண்டும், 2.0 என்றால் 60தான். டிவியில் நாலு போர்ட் இருந்தாலும் பலவற்றில் இரண்டு மட்டும்தான் 2.1. கம்ப்யூட்டர் பக்கமும் அது இருக்க வேண்டும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளில் 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்துதான் 2.1 கிடைக்கிறது. மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறொரு இணைப்பு இருப்பதால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

டிவி எங்கே ஜெயிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எச்டிஆர், அதாவது பளிச்சென்ற வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் காட்டுவது! ராத்திரி, மழை, ஈரத் தெருவில் ஒரு விளக்கு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி டிவியில் அந்த இருட்டு நிஜ இருட்டு, ஏனென்றால் அந்தப் புள்ளிகள் முழுக்க அணைந்துவிடும். விலை குறைந்த மானிட்டர்களில் ‘டிஸ்ப்ளேஎச்டிஆர் 400’ என்று முத்திரை இருக்கும், ஆனால் பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி அந்தத் தரத்துக்குக் கட்டாயமில்லை. அதனால் இருட்டு சாம்பலாகவே நிற்கும். எல்ஜி 2022இல் சி2 வரிசையில் 42 இன்ச் ஓஎல்இடி கொண்டுவந்த பிறகு அதையே மேஜையில் வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். கேமுக்கு மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உன் எக்செல் வெள்ளைத் திரையோ பகல் பூரா அசையாமல் நிற்கும். ஓஎல்இடி முழு வெள்ளையில் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க்பார் மாதிரி ஒரே இடத்தில் நிற்பவை நாளடைவில் தடம் பதிக்கவும் கூடும்.

அப்புறம், மானிட்டர் இரண்டு ஒரே மாதிரி வாங்காதே. இரண்டையும் சேர்த்து விளையாடினால் நடுவில் மானிட்டர்களின் ஓரச் சட்டம் வந்து நிற்கும், குறி வைக்கும் புள்ளி சரியாக அங்கேதான் விழும். 27 இன்ச், 1440பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல், கேமின் வேகத்துக்கேற்ப மாறும் ரெஃப்ரெஷ் ரேட்டும் இருக்கிற ஒன்றை நல்லதாக வாங்கு. உன் பழைய மானிட்டரைக் கணக்குக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்திக்கொள். 1440பியில் கார்டு வரைய வேண்டியது 37 லட்சம் புள்ளிகள்தான், 4கேயில் பாதிகூட இல்லை. கார்டு மாற்றும் செலவும் தள்ளிப்போகும்.

கண்ட்ரோலரில் ஆடும் கார் ரேஸுக்கு ஹாலில் இருக்கும் டிவியையே பயன்படுத்தலாம். அங்கே சாய்ந்து உட்கார்ந்தால் தூரமும் சரியாக இருக்கும்.

வாங்குவதற்கு முன் மேஜை சுவரிலிருந்து எத்தனை செ.மீ. ஆழம் என்று அளந்து, உன் கார்டின் மாடலையும் சேர்த்து எழுது. இரண்டு, மூன்று மாடல்களை நானே தேடிச் சொல்கிறேன். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல், புது வேலை எப்படி இருக்கிறது என்று அவளையே நாலு வரி எழுதச் சொல்.

அன்புடன்,
முருகேசன்