மருத்துவரிடம் நாங்கள் மறைத்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறவுத் திருமணம் பற்றிய உங்கள் கட்டுரையையும், அதற்கு வந்த கடிதங்களையும் படித்தேன். "படித்தவர்களே இப்படிச் செய்யலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

என் கணவர் என் அத்தை மகன். எங்கள் மகளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது அவளுக்குப் 14 மாதம். மருத்துவர், "சொந்தத்துல கல்யாணமா?" என்றார். கேட்ட விதமே திட்டுவது போல இருந்தது. அத்தை முந்திக்கொண்டு, "இல்லைங்க, அசல்தான்" என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் வேறு காரணம் தேடினார்கள். ஐந்தாம் மாதத்தில் எனக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்தது. அதுதான் காரணம் என்று வீட்டில் முடிவானது. நான்கு வருடம் அந்தப் பழியைச் சுமந்தேன்.

பிறகு பார்த்த மருத்துவர் அப்படிக் கேட்கவே இல்லை. இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி யார் யார் என்று விசாரித்து, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என வரைந்துகொண்டே போனார். என் அப்பாவும் அத்தையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றதும், சொந்தத்தில் கல்யாணம் என்பதற்கு அடையாளமாக எனக்கும் கணவருக்கும் நடுவில் இரட்டைக் கோடு போட்டார். முகம் மாறவில்லை.

பரிசோதனையில், காது கேட்கத் தேவையான கனெக்சின் 26 என்னும் புரதத்துக்கான மரபணுவில் பிழை இருந்தது. மகளுக்குப் பிழையுள்ள பிரதி என்னிடமிருந்து ஒன்று, கணவரிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் காது நன்றாகவே கேட்கும். அதனால்தான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு இரண்டும் வர 4-ல் 1 வாய்ப்பு. இதில் தாயின் குற்றம் எங்கே வந்தது?

நூற்றில் ஒருவருக்கு இருக்கும் பிழை ஒன்று எனக்கு இருந்தால், அசலில் வரும் கணவருக்கும் அது இருக்க 100-ல் 1 வாய்ப்பு. அத்தை மகனுக்கு ஏறக்குறைய 8-ல் 1. அதே சமயம், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்ட பெற்றோரின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு சுமார் 3 சதவீதத்திலிருந்து 6 ஆனது. இரண்டு மடங்கு, சின்ன விஷயமில்லை. ஆனால் மீதி 94 குழந்தைகளுக்கு அந்தக் குறை இல்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். கேவலப்படுத்தி எழுதினால், எங்களைப் போல இன்னும் பலர் மருத்துவரிடம் பொய்தான் சொல்வார்கள்.

போன மாதம் என் நாத்தனாருக்குச் சொந்தத்திலேயே பேச்சு வந்தது. "முதல்ல ரெண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மத்தது" என்றவர் என் அத்தைதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி