குமரி மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், தக்கலை, இரணியல், குழித்துறை நீதிமன்றங்களில் தொழில் நடத்தும் வக்கீல் அய்யாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு அபிடவிட் எழுதித் தந்த பழைய குமாஸ்தா நான். இப்போது உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். பீஸ் கிடையாது.

பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை அகதி முகாம்களில் இலங்கைப் போரைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். வயதாகிக்கொண்டே போகிறது. அவர்கள் சொல்வதை முறைப்படி பதிவு செய்ய வேண்டும்.

2006இல் திருகோணமலைப் பக்கமிருந்து படகேறி வந்த ஒரு அம்மா, மகனை வீடு புகுந்து இழுத்துப்போன இரவைப் பற்றிச் சொன்னார். வெள்ளை வேன், கறுப்புத் துணி எல்லாம் நாம் கேட்டதுதான். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "வந்தவை தமிழ்தான் கதைச்சவை. ஒருத்தன் வாக்கி டாக்கியிலை ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆளை ஏத்தியாச்சு எண்டவன்." அழுகைக்கு நடுவே உதிர்ந்த சங்கதி அது. உத்தரவு போட்டது யார் என்று காட்டக்கூடிய அந்தப் பெயர்தான் வழக்கே.

காங்கோவில் ஆயுதக்குழு நடத்திய ழான் பியேர் பெம்பாவைப் பாருங்கள். அவருடைய படை மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் செய்த கொலை, பாலியல் வன்முறை, கொள்ளைக்காகப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் 18 ஆண்டு கொடுத்தது. 2018இல் மேல்முறையீட்டில் விடுதலை. கொடுமையே நடக்கவில்லை என்று தீர்ப்பு சொல்லவில்லை. தூரத்தில் இருந்த தளபதி தன்னால் ஆனமட்டும் தடுத்தாரா என்ற கேள்வி அங்கே பெரிய ஓட்டையாகிவிட்டது. லைபீரியாவின் அலியூ கோசியா கதை வேறு. 1990களில் யூலிமோ ஆயுதக்குழுவின் கமாண்டர், பிறகு சுவிட்சர்லாந்தில் குடித்தனம். 2014இல் கைது, 2021இல் 20 ஆண்டு சிறை. பாதிக்கப்பட்டவர்கள் லைபீரியாவிலிருந்து போய் அவர் முகத்துக்கு நேரே சாட்சி சொன்னார்கள்.

நம் பக்கத்தில் கருணா. புலிகளின் கிழக்குத் தளபதியாக இருந்து 2004இல் பிரிந்து தனிக்குழு நடத்தியவர், பின்னால் அமைச்சரும் ஆனார். 2025 மார்ச்சில் பிரிட்டன் அவர்மீதும் இலங்கையின் முன்னாள் ராணுவ, கடற்படைத் தளபதிகள் மூவர்மீதும் பயணத் தடையும் சொத்து முடக்கமும் விதித்தது. அது தீர்ப்பு அல்ல. தீர்ப்புக்குச் சாட்சி கூண்டேற வேண்டும்.

புலிகள் இயக்கம் செய்ததையும் எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். எழுதத்தான் வேண்டும். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றதாகப் புலிகள்மீது குற்றச்சாட்டு இருக்கிறது. நம்ம ஆள் என்று அதை விட்டுவிட்டால் குறுக்கு விசாரணையில் மீதி எல்லாமும் கிழியும். அப்படியே கிழியாவிட்டாலும் அது நியாயமில்லை.

இங்கே என்ன வழக்குப் போட முடியும் என்பீர்கள். ஒன்றும் போட முடியாதுதான். 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் இந்தியாவுக்கு வெளியே நடந்த குற்றத்தையும் தண்டிக்கும். ஆனால் அரசே புகார் கொடுத்தாலொழிய நீதிமன்றம் எடுக்காது. தவிர, அதன் கடுமையான பிரிவு நாடுகளுக்கிடையிலான போரை மனதில் வைத்து எழுதியது; இலங்கையில் நடந்ததோ உள்நாட்டுப் போர். பொதுமக்களைப் பரவலாகவோ திட்டமிட்டோ தாக்கும் 'மானுடத்துக்கு எதிரான குற்றம்' நம் சட்டத்தில் இல்லையே என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் சொன்ன பிறகும், 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அதைச் சேர்க்கவில்லை.

ஆனால் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தில் இலங்கைச் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க 2021 முதல் ஒரு பிரிவு இருக்கிறது. 2025 அக்டோபரில் அதன் காலத்தை நீட்டித்தார்கள். முதலில் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். நாமாக உட்கார்ந்து நீட்டி முழக்கி வாக்குமூலம் வாங்கினால், பிறகு அவர்கள் வாங்குவதோடு ஒரு வரி முரண்பட்டாலும் சாட்சி போச்சு. இப்போதைக்கு யார், எந்த ஊர், எப்போது, எது கண்டது, எது கேட்டது என்பது போதும். தேதி நினைவில்லை என்பவரிடம் கோயில் கொடியேற்றத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள், வந்துவிடும்.

இலங்கையில் இன்னும் சொந்தபந்தம் இருப்பதால் பலருக்குப் பயம். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். பெண்களிடம் பெண் வக்கீல்கள் பேசட்டும். பத்திரிகைக்காரர், போட்டோ, பேனர் எதுவும் வேண்டாம்.

முகாம்காரர்களில் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார்கள். சங்கத்துக்கு இரண்டு பேர் என்று பெயர் கொடுத்தால், முகாம் அனுமதிக்கான மனுவை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா