உரித்த லாரியும் உயிரோடு இருக்கும் ஆர்.சி.யும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவரம், மணலி, கொருக்குப்பேட்டை பக்கத்துக் காயலான் கடைகளில் என்ஜின் இல்லாமல், சக்கரம் இல்லாமல் கட்டை மேல் ஏற்றி வைத்த பழைய டாடா, லேலண்ட் லாரிகளை இப்போது யார் யாரோ விலை பேசுகிறார்கள். பிரியாணிக் கடை வைக்க ஒருவர், ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட ஒருவர், அப்பா ஓட்டிய மாடல் என்று ஆசைப்பட்டு ஒருவர். திருவொற்றியூரில் உள்ள எங்கள் லாரி பட்டறைக்கு வந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதை எடுக்கலாமா?" பாதிப் பேர் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து கேட்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்கிறோம்.

வண்டி எதற்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காம்பவுண்டுக்குள் ஒரே இடத்தில் கடையாக நிற்கப் போகிறது என்றால் முகம் நன்றாக இருந்தால் போதும். சேஸில், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், விரிசல் இருந்தாலும் அடியில் தூண் கொடுத்துவிடலாம். ரோட்டில் ஓட வேண்டும் என்றால் முகத்தைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முதலில் பேப்பர், அடுத்து சேஸ், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஆர்.சி. புக் கையில் இருப்பதால் பதிவு உயிரோடு இருக்கிறது என்று ஆகாது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, எஃப்.சி. (ஓட்டத் தகுதிச் சான்று) என்றைக்கு முடிந்தது, பழைய கடன் இன்னும் ஏறி நிற்கிறதா என்று தெரியும். கம்ப்யூட்டருக்கு முந்தைய வண்டி அதில் தெரியாமலும் போகலாம். அப்போது பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து ஏற்றித் தரச் சொல்ல வேண்டும். அது ஏறிய பிறகு பணம் கொடுங்கள். வண்டி இனி ஓடாது என்று ஆகிவிட்டால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ம் பிரிவு. அப்படி ஒப்படைத்து ரத்தான வண்டி இரும்புதான், அதை எடை போட்டு மட்டும் வாங்கலாம்.

ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் கையெழுத்து இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. ஃபாரம் 29, 30 இரண்டிலும் அவர் வேண்டும். அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் ஃபாரம் 31 கொடுக்க வேண்டும், ஆர்.சி.யில் கடன் ஏறி நின்றால் பைனான்ஸ்காரரிடம் ஃபாரம் 35 வாங்க வேண்டும். மூன்று கை மாறிக் காயலான் கடைக்கு வந்த வண்டியில் இந்த ஆளைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை. "பேப்பர் வேற வண்டியோடது இருக்கு சார், நம்பரை மட்டும் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள். அது போலீஸ் கேஸ்.

இன்னும் இரண்டு கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு தரும் 2021-ம் ஆண்டு விதி இரு சக்கர வண்டிக்கும் காருக்கும்தான், லாரி அதில் வராது. அரசுத் துறைகள், மாநகராட்சி, போக்குவரத்துக் கழகம் போன்றவற்றின் வண்டிகளுக்கு 15 ஆண்டுக்கு மேல் பதிவைப் புதுப்பிப்பது 2023 ஏப்ரல் 1 முதல் நின்றுவிட்டது. ஆகவே பழைய குப்பை லாரியைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

பேப்பர் சரியாக இருந்தால் சேஸ் நம்பருக்கு வருவோம். டாடாவில் வலது பக்க நீளச் சட்டத்தில், முன்சக்கரத்துக்கு அருகே பஞ்ச் அடித்திருக்கும். இப்போதைய வண்டி மாதிரி பழைய வண்டியில் 17 எழுத்து இருக்காது, அதற்குப் பயப்பட வேண்டாம். துருவும் கிரீஸும் மூடியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். கடைப் பையன் கிரைண்டரைத் தூக்கினால் உடனே தடுங்கள். நம்பர் மேல் ஒரு இழுப்பு இழுத்தால் வண்டியின் கதை முடிந்தது. எழுத்து தெளிந்ததும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஃப்.சி.க்குப் போகும்போதும் இந்தப் பென்சில் நகலைத்தான் கேட்பார்கள். எழுத்துக்களின் இடைவெளி ஏறி இறங்கினாலோ, சுற்றிலும் மெல்லிய வெல்டிங் கோடு தெரிந்தாலோ, அந்த இடம் மட்டும் வழுவழுவென்று குழிந்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

அடுத்தது சேஸ். வடசென்னையில் வண்டிக்குக் கடல்தான் முதல் எதிரி. காசிமேட்டில் மீன் ஏற்றிய லாரியில் ஐஸும் உப்புத் தண்ணீரும் பாடியிலிருந்து ஒழுகி, சேஸுக்கும் பாடிக்கும் நடுவே வைத்த மரக்கட்டையில் ஊறி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் நன்றாகவே இருக்கும். கட்டையை எடுத்தால் மேல் தகடு அப்பளம் மாதிரி உரிந்து வரும். இரட்டைத் தகடு வைத்த இடங்களில் நடுவே துரு ஊதி, ரிவிட்டுக்கு ரிவிட்டு தகடு வீங்கித் தெரியும். பட்டை (ஸ்பிரிங்) பிராக்கெட்டுகளின் பின்பக்கம், பின் ஆக்சிலுக்கு மேலே வளையும் இடம், கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேரும் மூலைகள் ஆகியவற்றைக் கால் கிலோ சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று பேசும், கெட்ட இடம் தொப்பென்று அடங்கும். நல்ல இடத்துத் தகட்டையும் துருப் பிடித்த இடத்தையும் காலிப்பரால் அளந்து பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் தேய்ந்திருந்தால் பாரம் ஏற்றும் ஆசை வேண்டாம்.

நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. முன்பட்டை பிராக்கெட் ஓட்டையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சுண்ணாம்புக் குறி போடுங்கள், நான்கு மூலையிலும் அப்படியே. குறுக்கே இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்தால் 5 மி.மீ. வரை வித்தியாசம் இருக்கலாம், 10-ஐத் தாண்டினால் சேஸ் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. மேலிருந்து கீழாகத் தொங்கியிருக்கிறதா என்று பார்க்கக் காசிமேட்டில் கிடைக்கும் நைலான் நூல் போதும். முன்னும் பின்னும் ஒரே அளவு நட்டு இரண்டை வைத்து அவற்றின் மேல் நூலை இழுத்துக் கட்டுங்கள். அதே அளவு மூன்றாவது நட்டை நடுவில் தள்ளினால் நூலை உரச வேண்டும். இடைவெளி தெரிந்தால் நடுச்சட்டம் பாரத்தில் இறங்கியிருக்கிறது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் வேறுபட்டால் மட்டும் அவசரப்பட்டு சேஸைக் குறை சொல்லாதீர்கள். பட்டையின் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம், அது சில்லறை வேலை.

துருவை விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. காயலான் கடையில் பாகத்தைக் கழற்றும்போது ஸ்பேனர் எடுப்பதில்லை, கேஸ் கட்டரைத்தான் எடுப்பார்கள். ரிவிட்டை அறுக்கும்போது நெருப்பு சட்டத்தின் விளிம்பிலும் பள்ளம் போட்டுவிடும். அந்தப் பள்ளம்தான் பாரம் ஏறியதும் விரிசலின் தொடக்கம். மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ குறுக்காக அறுத்த தழும்போ, குறுக்காகப் போட்ட பழைய வெல்டிங்கோ இருந்தால் அந்தச் சேஸ் நிற்கும் கடைக்கு ஆகும், ஓட்டத்துக்கு ஆகாது.

இல்லாத பொருளைக் கணக்கு எடுப்பதில்தான் பலர் கவிழ்கிறார்கள். "என்ஜின் மட்டும்தான் இல்லை" என்பார் கடைக்காரர். என்ஜின் கிடைக்கும். கிடைக்காதது என்ஜினைப் பிடிக்கிற பிராக்கெட், ஃபிளைவீல் ஹவுசிங், கிளட்ச் பெடல் பெட்டி, கியர் லிவர் அடி, ஸ்டியரிங் ட்ராப் ஆர்ம், ஜாயிண்டின் நடு பேரிங் தாங்கி, ரேடியேட்டர் சட்டம், கதவுக் கீல். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் கைப்பிடி இரும்பு. மாடலுக்கு மாடல் ஓட்டை மாறும் என்பதால் தேடி எடுக்க ஒரு நாள், பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுக்க ஒரு நாள். அதனால் காயலான் கடைக்குப் போகும் முன் மாதவரம் லாரி நிலையத்தில் அதே மாடல் ஓடுகிற வண்டி ஒன்றை டிரைவர் அனுமதியோடு மேலும் கீழும் நாற்பது, ஐம்பது படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக வைத்து, இல்லாததை எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் வண்டி இரண்டாவதாக ஒன்றையும் சேர்த்து வாங்கச் சொல்கிறது என்று அர்த்தம்.

என்ஜின் இருந்தால் அது எது என்று பாருங்கள். டாடாவில் பெயரே அளவு சொல்லும்: 497 என்றால் நான்கு சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 2,956 சிசி. 697 என்றால் ஆறு சிலிண்டர், அதே 97 போர், 5,675 சிசி. போர் ஒன்று என்பதற்காகப் பிஸ்டனை மாற்றிப் போட நினைக்காதீர்கள், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வேறு. இரண்டுக்கும் சாமான் இன்றும் தாராளம். லேலண்டுக்கு இந்தப் பக்கத்தில் கை பழகிய ஆள் அதிகம். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனியின் எண்ணூர் ஆலை பக்கத்திலேயே இருப்பது சும்மா இல்லை.

ஹெட் கழற்றித் திறந்து கிடக்கும் பிளாக்கில் மழைத் தண்ணீர் நின்று, பிஸ்டன் நின்ற இடத்தில் வளையமாகத் துரு பிடித்திருக்கும். லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) மாற்றினால் அது போய்விடும். பார்க்க வேண்டியது அடியில்: கிராங்குத் தண்டைப் பிடிக்கும் மெயின் பேரிங் கேப்கள். 697-ல் ஏழு இருக்கும், ஒவ்வொன்றிலும் எண் அடித்திருக்கும். அவை அந்தப் பிளாக்கோடு சேர்த்துப் போர் போட்டவை. ஒன்று தொலைந்திருந்தாலும் வேறு பிளாக்கின் கேப்பை வைத்து முறுக்கினால் கிராங்கு பிடித்துக்கொள்ளும். லேத்தில் முழுக்க லைன் போர் செய்தால்தான் சரியாகும், அந்தச் செலவுக்கு வேறு பிளாக்கே வாங்கிவிடலாம். கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்து எத்தனையாவது சைஸ் என்று கேளுங்கள். 0.25 மி.மீ. படிகளில் 1.00 வரை ஏற்கெனவே கடைந்திருந்தால் அடுத்த முறைக்கு இடமில்லை. இறுகிப் போன என்ஜினை ஸ்டார்ட்டரால் திருப்ப முயலக் கூடாது. நாசில் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, ஃபிளைவீல் பல்லில் கம்பி கொடுத்து இரு பக்கமும் மெல்ல ஆட்டுங்கள். டீசல் பம்பு திறந்து கிடந்திருந்தால் எலிமெண்ட் மாற்றும் செலவை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

பின் ஆக்சில் ஹவுசிங்கின் ஆயில் பிளக்கைத் திறக்காமல் வராதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியிலும் எண்ணூரிலும் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் நின்றது, எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் கலந்திருந்தது. அப்படி நின்ற வண்டியில் ஆயில் பால் கலந்த டீ மாதிரி வரும். உள்ளே கிரௌன் வீலும் பேரிங்கும் துருப்பிடித்திருக்கும். கிங் பின், புஷ், டிரம் எல்லாம் மாற்றக் கூடியவை, அவற்றை வைத்து வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. கேபினுக்குத் துணி சுற்றிய காந்தம் ஒன்று போதும்: ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கதவுத் தூணின் அடியும் தரையும் ஓட்டையாக இருந்தால் டிங்கர் வேலை என்ஜின் வேலையைத் தாண்டும்.

விலைக்கு எங்கள் கணக்கு இதுதான். எடை மேடையில் ஏற்றி, அன்றைய இரும்பு விலையால் பெருக்குங்கள். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கடைக்காரர் ஒரு நல்ல பொருளைக் கை வைத்துக் காட்ட வேண்டும். அதோடு கிரேன், டிரெய்லர் வாடகை, இல்லாத சாமான், என்ஜின் வேலை, ஆறு டயர், நிலுவை வரி, எஃப்.சி.க்கான ஸ்பீடு கவர்னர், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். 8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு, வண்டிக்கு வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். மொத்தம், எஃப்.சி.யோடு ஓடிக்கொண்டிருக்கும் அதே மாடல் வண்டியின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் ஓடுகிற வண்டியையே வாங்குங்கள். அதற்குள் அடங்கி, சேஸும் பேப்பரும் சரி என்றால் தயங்காமல் எடுக்கலாம்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு கோரிக்கை. 2021-ம் ஆண்டு விதிப்படி பதிவு பெற்ற உடைப்பு மையம் மட்டுமே வண்டியை வாங்கிக்கொண்டு, உடைக்க ஒப்படைத்ததற்கான வைப்புச் சான்றிதழ் தர முடியும், தெருவோரக் காயலான் கடையால் முடியாது. இது தெரியாமல் வண்டியை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு, ஆர்.சி.யைப் பீரோவில் வைத்திருப்பவர்கள் பேரில் காலாண்டு வரி ஏறிக்கொண்டே இருக்கிறது. வாங்கியவருக்கோ பெயர் மாற்ற ஆள் கிடைப்பதில்லை. வடசென்னை ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் உரித்த வண்டியை விற்பவர் என்ன செய்ய வேண்டும், வாங்குபவர் என்ன கேட்க வேண்டும் என்று தமிழில் ஒரு பலகை வைத்தால் போதும். அதை ஃபாரம் விற்கும் கடைக்குப் பக்கத்தில் வைக்கட்டும், எல்லோரும் அங்கேதான் முதலில் நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
லாரி பட்டறைத் தொழிலாளர்கள்,
திருவொற்றியூர், சென்னை.